சொம்புக்குள் விழுந்த கொள்ளு

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு தேர்தல் நடந்தது. சிரிக்காதீர்கள்... ரகசிய வாக்கெடுப்பு, வாக்கு எண்ணிக்கை எல்லாம் உண்டு. இதை எழுதும்போதுகூட எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை!

விஷயம் இதுதான். என் மகள் சுகந்தி பத்தாவதில் கணக்கில் மார்க்கை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சூலூரில் இப்போது எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சு — பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப், அப்புறம் இன்ஜினியரிங். கோயமுத்தூரைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு புதுக் கல்லூரியின் போர்டு தெரிகிறதே! இவளோ, அரசியல் அறிவியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மறுநாள் காலை அட்மிஷன். கேட்டது கிடைக்காவிட்டால் ரெண்டு வருஷமும் பிடிக்காததைத்தான் படித்தாக வேண்டும்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். என் கணவரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார், அவர்தான் பெரியவர். தறிப்பட்டறையும் அவர் பொறுப்பு, வீடும் அவர் பொறுப்பு. எதுவானாலும் எல்லோரையும் உட்காரவைத்துக் கருத்துக் கேட்பார். ஆனால் தன் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்! அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று வரிசையாகத் தலையாட்டுவோம். போர்வெல் போட்டது, டி.வி. வாங்கியது, மகளைக் கட்டிக்கொடுத்தது... எல்லாமே ஒருமனதான தீர்மானம்தான்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"அரசியல் படிக்கறதுக்கு எதுக்கு அம்மணி பள்ளிக்கோடம்? டீக்கடை பெஞ்சுல உக்காந்தாப் பத்தாதா?"

சுகந்தி கோபப்படவில்லை. பக்கத்துத் தெரு அக்கா பஞ்சாயத்துத் தலைவியாக ஜெயித்ததையும், அவருக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னாள். அது எப்படி, சட்டம் என்ன சொல்கிறது, யார் கேட்க வேண்டும்... இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் படிக்கப்போகிறாளாம். என் மகளா இது என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் என்ன செய்தேன்? மச்சாண்டார் முன்னால் பேசிப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து அவள் கேட்டதுதான் யாரும் எதிர்பார்க்காதது.

"எல்லாருங் கருத்துச் சொல்ல வேண்டாமுங்க பெரியப்பா. ஓட்டுப் போடுங்க. யாரு என்ன போட்டாங்கன்னு யாருக்குந் தெரியக்கூடாதுங்க."

பெரியவர் மீசையைத் தடவினார். தோற்கிற பயம் இருந்தால்தானே மறுப்பதற்கு? சரி என்றுவிட்டார். தேர்தலை நடத்துவதால் தனக்கு ஓட்டு வேண்டாம் என்று சுகந்தியே சொல்லிவிட்டாள்.

சமையலறையில் ஒரு சொம்பு, பக்கத்தில் இரண்டு டப்பாக்கள். அரசியலுக்குக் கொள்ளு, இன்ஜினியரிங்குக்குத் துவரம்பருப்பு. ஒவ்வொருவராக உள்ளே போய், ஒன்றை எடுத்துச் சொம்பில் போட்டுவிட்டு வர வேண்டும். என் முறை வந்தது — கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் நானாக எடுத்த முதல் முடிவு! கொள்ளைப் போட்டேன். ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் போட்டேன்.

பெரியவரே சொம்பைத் தட்டில் கவிழ்த்தார்.

கொள்ளு. கொள்ளு. கொள்ளு. கொள்ளு. கொள்ளு.

துவரை ஒன்றுகூட இல்லை! ஓட்டுப் போட்டது நாங்கள் ஐந்து பேர். அப்படியானால் பெரியவரும்...?

எல்லோரும் அவரையே பார்த்தோம். மனிதர் நெளிந்தார்.

"நீங்கல்லாந் துவரைதான் போடுவீங்கன்னு நெனச்சேன். புள்ளைக்கு ஒரு ஓட்டுங்கூட உழுகாமப் போனா மனசு நொந்துபோகுமுன்னு... நா ஒண்ணு போட்டுப்போட்டேன்."

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரும் அதே காரணத்துக்காகத்தான் போட்டாராம். என் கணவரும். அக்காவின் மகனும். என்னைத் தவிர வேறு யாரும் மனசார ஜெயிக்கவைக்கவில்லை. பாவம், பூஜ்யம் வாங்கக்கூடாது என்று ஆளுக்கொன்று போட்டதில் அவள் ஏகமனதாக ஜெயித்துவிட்டாள்! எங்கள் பக்கத்து மரியாதை இருக்கிறதே... அது எதிராளியைத் தோற்கடிக்கும்போதுகூட அவர் முகம் வாடக்கூடாது என்று பார்க்கும்.

பெரியவர் மெல்ல ஆரம்பித்தார். விவரம் தெரியாமல் போட்டதால், இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்றார்.

"முடிவு அறிவிச்சாச்சுங்க பெரியப்பா. எதுக்குப் போட்டீங்கன்னு கணக்கில்லீங்க, எத்தனை உழுந்துச்சுங்கறதுதான் கணக்கு."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார் பாருங்கள்... அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை அவரே ஸ்கூட்டரில் கூட்டிப்போய் அவள் கேட்ட குரூப்பில் சேர்த்துவிட்டு வந்தார். போகிற வழியெல்லாம் அறிமுகமானவர்களிடம், "எங்கூட்டுப் புள்ளை அரசியல் படிக்குதுங்க" என்று வண்டியை நிறுத்திச் சொன்னாராம்.

சுகந்திக்கு இன்னும் பாடப் புத்தகமே வரவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் முதல் பாடம் முடிந்துவிட்டது.