அட்டைக்குப் பின்னால் விழுந்த ஒன்று

எண்பதுகளில் உத்திரமேரூர்ப் பக்கம் கிணறு வெட்டும் கூலியாகத் திரிந்தேன். திருப்புலிவனத்தில் நாங்கள் கிணறு வெட்டிய நிலத்துக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு கதை விளையாட்டைக் கொண்டுவந்திருந்தான். டிராகன் படம் போட்ட மடிப்பு அட்டையை நிறுத்தி, அதன் மறைவில் பகடை உருட்டுவான். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் கதையில் ஒரு கற்பனை வீரன்; அந்த வீரர்கள் பிழைத்தார்களா, செத்தார்களா என்று அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

மழையில் வேலை நின்றதால், ஆள் கிடைக்காமல் எங்களைச் சேர்த்துக்கொண்டான். என் கூட்டாளி செல்வத்தின் வீரன் கதையில் ஒரு பாழுங்கிணற்றில் இறங்கினான். பகடை உருண்டது.

"தப்பிச்சிட்டப்பா செல்வம்!"

தண்ணீர் குடிக்க எழுந்த நான் அட்டைக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்று விழுந்திருந்தது. ஒன்று என்றால் சாவு. நிலத்துக்காரர் மகன் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த கிணற்றில் இறங்க, செல்வம் கயிற்றைப் பிடித்தான்.

"லாந்தர் வுட்டுப் பாத்துட்டு எறங்குடா."

"இன்னாடா, உள்ள பூதமா கீது?"

கயிற்றைப் பிடுங்கி லாந்தரை இறக்கினேன். பாதிக் கிணற்றில் அது அணைந்தது. கீழே விஷக்காற்று தேங்கியிருந்தது. செல்வம் அணைந்த லாந்தரை மேலே இழுத்தான்.

"உனக்கு எப்படிடா தோணுச்சு?"

விஷக்காற்று போனதும் அதே கிணற்றில் இறங்க வேண்டியவன் அவன்; பகடையில் விழுந்ததைச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே இறங்குவான். "சும்மாதான்டா" என்றேன்.

அந்தப் பையன் ஏன் உதட்டில் விரல் வைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.