பச்சைச் சுவரும் புதுப் பல்பும்

தண்ணீரூற்றில் எனக்கும் ஹலீம் நானாவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போன சனத்தில் அவரும் ஒருவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. சண்டை முடிந்து மூன்று வருடத்தில் தனியே திரும்பி வந்து, பற்றைக்காடு மூடிக் கிடந்த தகப்பனின் காணியைத் துப்புரவாக்கினார். பழைய வெள்ளைக் காரின் பின்சீற் நிறையச் சேலை பிடவைகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பார். மனைவி றம்லாவும் மகள் அஸ்மியாவும் புத்தளத்திலேயே இருந்துவிட்டார்கள். வீடு முடிந்தால் வருவதாக றம்லா சொல்லியிருந்தா.

வீடு முடிகிற பாடாக இல்லை. சுவர்கள் பூச்சில்லாமல் கல்லாகவே நின்றன. யன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தது. பக்கவாட்டில் ஒரேயொரு அறைச் சுவரை மட்டும் பூசிப் பச்சை அடித்திருந்தார். வீட்டாரோடு வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அந்தப் பச்சைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

"ஏன் நானா, எப்பவும் அதிலயே நிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதிலதான் ராசு சிக்னல் இருக்கு" என்றார்.

நானும் நம்பினேன். என் போன் கிணற்றடியிலும் நன்றாகத்தானே எடுக்கிறது என்று யோசிக்கவில்லை. எனக்கு வாய் இருக்கிற அளவுக்கு மூளை இல்லை.

போன வருடம் அஸ்மியாவின் பள்ளிக்கூடச் சோதனை முடிந்ததும் றம்லா ஒருவழியாகச் சம்மதித்தா. இருவரையும் கூட்டிவர, விடிவதற்கு முன்பே காரில் வெளிக்கிடுவதென்று நானா முடிவெடுத்தார். ஆனால் காரின் முன்விளக்கில் ஒன்று எரிந்து போயிருந்தது. மற்றது குப்பிவிளக்கு மாதிரி மங்கல். வவுனியா போய்ச் சேருமட்டும் றோட்டில் மாடும் யானையும் நிற்கும். கிளிநொச்சியிலிருந்து இரண்டு புதுப் பல்ப் வாங்கி வந்தார். "மாத்தினா ரெண்டையும் மாத்தோணும் ராசு. ஒண்டு புதுசு, ஒண்டு பழசெண்டா சரிவராது."

பொழுதுபட மஃரிப் தொழுதுவிட்டு வந்து காரின் பொனற்றைத் திறந்தார். நான் டோர்ச் பிடித்தேன். கார் வீட்டைப் பார்த்தபடி நின்றது. விளக்கின் பின்னாலிருந்த வயரைக் கழற்றி, ரப்பர் மூடியை உரித்து, பல்பை இறுக்கிப் பிடித்திருந்த கம்பியை விரலால் தட்டி விலக்கினார். புதுப் பல்பின் கண்ணாடியில் கைபடக்கூடாதாம், எண்ணெய் ஒட்டினால் வெடித்துவிடுமாம். புதுச் சேலைத் துண்டொன்றால் பிடித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கவனத்தோடு உள்ளே வைத்தார்.

அப்போதுதான் நானாவின் போனில் அஸ்மியாவின் வீடியோ அழைப்பு வந்தது.

"எடுத்துக் கதை ராசு. கையில வேலை எண்டு சொல்லு. அப்பிடியே சுவிச்சையும் ஒருக்காப் போட்டுப் பார்."

போட்டேன். பகல் போல வெளிச்சம். எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் போனை வெளிச்சம் விழுந்த பக்கம் திருப்பினேன். "பாருங்கோ பிள்ளை, உங்கட வாப்பா போட்ட லைற்றை!"

அஸ்மியாவின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"மாமா, அது யார்ட வீடு?"

"யார்ட வீடோ? உங்கட வீடுதானே!" என்று சிரித்தேன்.

நானாவின் கை வந்து போனை மறைத்தது. வெளிச்சத்தில் பூசாத சுவரும் தகரமும் கூரையில்லாத குசினியும் அதன் அடுப்பும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. நான் போய் சுவிச்சை நிறுத்தினேன். அதனால் என்ன பயன்.

"முடிஞ்ச வீடெண்டு இதையா சொன்னீங்க?" என்று றம்லாவின் குரல் கேட்டது. கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு அறை முடிஞ்சுது றம்லா. வந்து காலை வச்சீங்க எண்டா மிச்சத்தை..."

"விடிய வராதீங்க. பிள்ளையை இதுக்குள்ள கொண்டுவந்து வைக்க ஏலாது. நீங்க இங்க வாங்க. அங்க உங்களுக்கு ஆரு இருக்கிறா?"

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இன்றைக்கும் அது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

வேறு கதை வராமல், "மற்றப் பக்கத்துக்கும் போடுவமா நானா?" என்று கேட்டேன்.

"வேணாம் ராசு. எனக்கு ஒண்டு போதும்."

றம்லா பிறகு வருகிற கதையே எடுக்கவில்லை. நானாவும் புத்தளம் போகவில்லை. வாப்பாவின் காணி இது என்பார், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். வீடு அப்படியே நிற்கிறது. மகள் மாதத்துக்கு ஒருதரம் போன் எடுப்பாள். இப்போதெல்லாம் அவர் கிணற்றடியில் நின்றும் கதைக்கிறார், கூரையில்லாத குசினிக்குள் நின்றும் கதைக்கிறார். சிக்னல் எல்லா இடத்திலும் இருக்கிறது.