இடது கன்னம் முந்திக்கொள்கிறது

முகம் மழிக்கும்போதுதான் கவனித்தேன். இடது தாடையோரம் ஒரு மேடு. அமுக்கினால் வலியில்லை. பல்லைக் கடித்தால் மட்டும் கல்லாக இறுகியது. வலிக்காத கட்டியைத்தான் நம்பக்கூடாது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கி விற்பவன் நான். மூட்டைக்கு நாலு பருப்பை இடது கடைவாயில் போட்டுக் கடித்துத்தான் காய்ந்ததா, ஈரமா என்று சொல்வேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி செல்வி வேப்பங்குச்சி ஒடித்துத் தந்தாள். “வீங்கின பக்கமா நல்லா மெல்லுங்க, வத்திடும்” என்றாள். காலையும் மாலையும் விடாமல் மென்றேன். மேடு பருத்தது.

அதைவிட ஒன்று என்னைக் கலங்கடித்தது. வாயில் ஒன்றுமில்லாதபோதும் கன்னம் இறுகும், தளரும். உள்ளே யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதுபோல் இருந்தது. செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவாள்.

கடைசியில் செல்வியோடு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்த நேரமெல்லாம் என் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கேன்சர் இல்லீங்க, வெறும் தசைதான்” என்றார். மாசெட்டர் ஹைப்பர்ட்ரோபி (மெல்லும் தசை அதிக வேலையால் பருத்துப்போவது). “எலி, கிளி எல்லாத்துக்கும் இப்படித்தான். கெட்டித் தீனி தின்னா தாடைத் தசை ஏறும், மெத்துனு குடுத்தா எளைக்கும். நீங்க ஒரே பக்கமா வளர்த்துட்டீங்க.”

“வேப்பங்குச்சி மென்னதுங்க?” என்று செல்வி கேட்டாள்.

“அதுவும் தீனிதாம்மா.”

வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிழைத்துவிட்டேன் என்ற அழுகைதான்.

அப்புறம் கூழும் குழைந்த சோறும். பருப்பைக் கடிக்கவே கூடாது. தாடையைத் தளர்த்தும் பயிற்சி வேறு. மாதங்கள் போகப்போக மேடு தணிந்தது. இப்படியொரு மேட்டைத் தடவிப் பயந்துகொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், கைவைத்தியம் அப்புறம்.

இப்போது மல்லாட்டையைக் காதருகே குலுக்கித்தான் ஈரம் பார்க்கிறேன். முகம் நேராகிவிட்டது. ஆனால் அது முழுக்க என்னுடையதா என்பதில் சந்தேகம் இருக்கிறது.

போன வாரம் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செல்வி.

“என்னாத்த மெல்றீங்க?”

“ஒண்ணுமில்லியே.”

கையை வைத்துப் பார்த்தேன். இடது கன்னம் இறுகியது, தளர்ந்தது. கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே பார்த்தேன். புஞ்சைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சேதி அதுவரை எனக்கு வந்திருக்கவில்லை, கன்னத்துக்கு வந்திருந்தது.