கோல் வாசலில் மரவள்ளி
பத்து பாகாட் ஊர்ப் பசாரில் அவித்த மரவள்ளியின் ஆவி மூக்கில் ஏறினாலே, செடெனாக்கில் இப்போது வீடுகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் கிளப்பின் பந்துத் திடல்தான் ஞாபகம் வரும். சண்டைக் காலத்தில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அதைக் கொத்திக் கிழங்கு போடச் சொன்னதும், ஆட்டக்காரர்கள் அவரவர் ஆடும் இடத்திலேயே பாத்தி பிடித்தார்கள். கோல் கீப்பரான அப்பாவுக்குக் கோல் வாசல். பிறகு அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அம்மா அந்தப் பாத்தியில் களையெடுப்பாள், நாங்கள் பசியில் அழுதாலும் கிழங்கில் கைவைக்க விடமாட்டாள்.

"அப்பா வந்து பிடுங்கட்டும்லா."

அப்பா வரவில்லை. சண்டை முடிந்து திடலைத் திருத்தியவர்கள், முற்றி மரமாகி நின்ற எங்கள் மரவள்ளியை மட்டும் வெட்டாமல் விட்டு முதல் மேட்ச் ஆடினார்கள். அன்று அந்தப் பக்கம் ஒரு கோலும் விழவில்லை.