கேட்டெழுத்தில் எனக்கு இரண்டு மார்க்

போன வாரம் முழுக்க எனக்கு ஒரு பெண்மணியின் மேல் பொறாமை.

அவசரப்பட்டு என் மனைவிக்குக் கார்டு எழுதிவிடாதீர்கள். அவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பெண்மணியின் பெயர் பழனியம்மா. பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கடலைக்காய் விற்கிறவர். கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டை விரலை நீட்டுவார். பதினெட்டு வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதுகிற ஒருவன் — திரும்பி வந்தவற்றையும் சேர்த்தால் இருபத்திரண்டு வருஷம் — அவரைப் பார்த்து வயிறெரிகிறான் என்றால் சும்மாவா?

காரணம், என் மகள் சுமதி.

இந்தப் பக்கத்தில் என் மாமனாரைக் கேலி செய்திருக்கிறேன். மைத்துனனைக் கேலி செய்திருக்கிறேன். வீட்டு மாட்டைக்கூட விட்டதில்லை. சுமதியைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் கேலி வராது... அதனால் விட்டுவிடுவேன்.

அவளுக்கு ஒன்பது வயது. தமிழ் மீடியத்தில் நாலாம் கிளாஸ். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது இடது காதை முழுசாகவும் வலது காதில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு போகவில்லை. எதிராளியின் வாயைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவாள். மீதியை ஊகித்துக்கொள்வாள். கணக்கில் கிளாஸிலேயே அவள்தான் முதல்.

மாட்டிக்கொள்வது கேட்டெழுத்தில். டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே வார்த்தைகளைச் சொல்வார். முதுகுக்குப் பின்னால் வருகிற வார்த்தையை எந்த வாயில் பார்ப்பது? வாரா வாரம் முட்டை. முட்டையெல்லாம் சேர்ந்து ஓணப் பரீட்சையில் தமிழ் போயிற்று.

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். மலையாளி. நல்ல மனுஷர். கெட்ட செய்தியை நல்ல மனுஷர்கள் சொல்லும்போது சண்டைகூடப் போட முடிவதில்லை. இந்தக் குட்டி இங்கே கஷ்டப்படுகிறாள், தூரத்தில் செவிடர் ஸ்கூல் ஒன்று இருக்கிறது, தங்கிப் படிக்க வசதி உண்டு, கிறிஸ்மஸ் பரீட்சையிலும் இதே மார்க் என்றால் அங்கே அனுப்ப எழுதிவிடலாம் என்றார். காகிதம்கூட எடுத்து வைத்திருந்தார்.

சுமதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மலையாளம் வராது. ஆனால் ஹாஸ்டல் என்ற சொல்லுக்கு எல்லா மொழியிலும் வாய் ஒரே மாதிரிதான் அசைகிறது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "ஹாஸ்டல்ல லைட்ட அணைச்சிருவாங்களாப்பா?"

அணைத்தால் என்ன என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். விளக்கை அணைத்தால் யார் வாயும் தெரியாது. மற்றப் பிள்ளைகளுக்குப் போவது வெளிச்சம் மட்டும். இவளுக்கு ஊரே போய்விடும்.

சும்மா இருப்பேனா? எழுத்தாளன் ஆயிற்றே. மனு எழுதினேன். ஏழு பக்கம். கேட்டது இரண்டே இரண்டு — என் மகளை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். டீச்சர் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். இதற்கு இரண்டு வரி போதும். மீதி ஆறே முக்கால் பக்கமும் இலக்கியம். கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.

எங்கள் தாலுகா ஊரான சித்தூரின் கல்வி ஆபீஸில் ஒருவருக்கும் கலங்கவில்லை. மாதம் ஒன்று கழித்து மனு திரும்பி வந்தது. இங்கே மனுவுக்கு அபேக்ஷை என்று பெயர். அபேக்ஷை மலையாளத்தில் இருக்க வேண்டுமாம். நான் வேலை பார்க்கிற சொசைட்டியில் பக்கத்து நாற்காலி நண்பர் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஒன்றே கால் பக்கம் வந்தது. மீதி எங்கே என்றேன். "அதில் விஷயம் இல்லையே சாரே" என்றார். அன்றிலிருந்து அவரோடு நான் டீ குடிப்பதில்லை.

ஒன்றே கால் பக்கமும் திரும்பி வந்தது. இந்தத் தடவை டாக்டர் சர்ட்டிபிகேட் சரியில்லை.

இது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்களுக்குப் பல்வலி என்றாலும் பிரசவம் என்றாலும் பொள்ளாச்சி பஸ்தான். கால் தானாகப் போய் ஏறிக்கொள்ளும். சுமதியின் காதுக்கும் பொள்ளாச்சி டாக்டரிடம்தான் எழுதி வாங்கியிருந்தேன். பொள்ளாச்சி தமிழ்நாடு. பள்ளிக்கூடம் கேரளா. வேறு மாநிலத்து டாக்டர் சொன்ன செவிடு இங்கே செல்லாது, பாலக்காட்டு சர்க்கார் டாக்டர் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என் மகளுக்குக் காது கேட்காது. இந்தப் பக்கம் வந்துவிட்டால் கேட்கும்.

பாலக்காட்டுக்கு ஓடினேன். காது டாக்டர் நீண்ட லீவில் போயிருந்தார். எப்போது வருவார்? அதைச் சொல்ல வேண்டியவரும் லீவு.

கிறிஸ்மஸ் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. இந்தக் கட்டத்தில்தான் பழனியம்மா வருகிறார்.

அவருடைய மகள் ராசாத்தியும் அதே கிளாஸ். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் கோளாறு. கண்ணாடி போட்டும் போர்டில் இருப்பது தெரியாது. பழனியம்மா மனு எழுதவில்லை. எழுத முடியாது. ஒரு நாள் காலை மகளோடு கிளாஸுக்கு வந்து, பின் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்டில் இருப்பதை நானே பார்த்து என் புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். தெய்வானை டீச்சரும், போகட்டும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார்.

டீச்சர் போர்டில் ஒரு வரி எழுதுவார். பின்னாலிருந்து குரல் வரும்: "அது என்னங்க டீச்சர்?"

டீச்சர் சொல்வார். அடுத்த வரி. "இது என்னங்க?" உங்களுக்குத் தெரியவில்லையா என்று டீச்சர் கேட்டாராம். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. படிக்கத்தானுங்க தெரியாது."

முதல் நாள் முப்பது தடவை கேட்டிருக்கிறார். இரண்டாம் நாள் பத்து தடவை. மூன்றாம் நாள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சாக்பீஸைக் கையில் எடுத்ததுமே டீச்சருக்கு வாய் தானாக வாசிக்க ஆரம்பித்துவிட்டது. நாலாம் நாள் பழனியம்மா தன் கடலைக்காயைப் பார்க்கப் போய்விட்டார். பழக்கம் டீச்சரிடம் தங்கிவிட்டது. இப்போது எதை எழுதினாலும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.

மூன்றே நாள். அபேக்ஷை கிடையாது. டாக்டர் கிடையாது. சித்தூர் கிடையாது. நான் மூன்று மாதம் அலைந்து வாங்க முடியாததை அந்தம்மா உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவும் எந்தத் தகுதியினால்? எழுத்து தெரியாது என்கிற தகுதியினால். நான் நாற்பத்தாறு வயதுக்குப் பிறகு அதைச் சம்பாதிக்க முடியுமா?

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. டீச்சர் உரக்க வாசிப்பதெல்லாம் போர்டைப் பார்த்து. முன்பெல்லாம் எழுதி முடித்துத் திரும்பி விளக்குவார். சுமதிக்கு அதுவாவது கிடைத்தது. இப்போது எல்லாவற்றையும் போர்டுக்கே சொல்லிவிடுகிறார். சுமதி பார்ப்பது டீச்சரின் கொண்டையை.

பொறாமைக்கு நியாயம் என்று ஒரு சட்டை கிடைத்துவிட்டால் அது வீட்டில் தங்குமா? சட்டையை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன்.

பழனியம்மா படியால் கடலைக்காய் அளந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே, உங்களால் என் பெண்ணின் படிப்பு கெட்டுவிட்டது என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினேன். நடுவில் இரண்டு நல்ல வாக்கியங்கள்கூட இருந்தன. அவர் அளப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"நம்ம சுமதிக் கண்ணுங்களா? மூணு நாளும் என்ற பக்கத்துலயே வந்து வந்து பேசிட்டு இருந்துச்சுங்ணா. அதுக்குக் காது கேக்காதுன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது."

வீட்டில் 'சாப்பிட வா' என்பதையே நான் மூன்று தரம் சொல்ல வேண்டும். இவரிடம் மூன்று நாள் பேசியிருக்கிறாள்... பொறாமையில் இத்தனை நேரம் வெறும் புகைதான் இருந்தது. இப்போது தீப் பிடித்தது.

"நீங்களும் போயி உக்காருங்ணா" என்றார் பழனியம்மா.

உட்கார்ந்து என்ன செய்ய, எனக்குத்தான் எல்லாம் படிக்கத் தெரியுமே என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன்.

"அதானுங்க இடைஞ்சல்." கொஞ்சம் யோசித்தார். "காதுல பஞ்சு வெச்சுட்டுப் போங்க."

பக்கத்தில் காத்திருந்த ஒரு கிழவர், அண்ணனுக்கு என்ன கஷ்டம் என்று விசாரித்தார். "எழுதுவாருங்க, பாவம்" என்றார் பழனியம்மா.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தெய்வானை டீச்சர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். நான் கேட்டெழுத்து எழுத வேண்டும் என்றதும் இதுவும் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார். சுமதியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. காதில் பஞ்சை அடைத்து, மேலே துண்டால் இறுக்கிக் கட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பதைப் பார்த்தேன், கேட்கவில்லை. மற்றவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது சத்தம் மட்டும் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சத்தத்தோடு சிரிப்பதே மேல்.

முதல் வார்த்தை டீச்சர் எதிரே நின்று சொன்னார். பிடித்துவிட்டேன். பிறகு நடக்க ஆரம்பித்தார். எங்கே இருக்கிறார், சொன்னாரா, இனிமேல்தான் சொல்லப்போகிறாரா — ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. ஓகோ, ஒரு வார்த்தை வந்து போயிருக்கிறது!

பக்கத்தில் பார்த்தேன். சுமதியும் குனிந்திருந்தாள். சிலேட்டில் எதையோ எழுதினாள். அடுத்த தடவை தலைகள் குனிந்தபோதும் குனிந்தாள், எழுதினாள். வார்த்தை தெரிந்து எழுதவில்லை. எல்லோரும் குனியும்போது தான் மட்டும் நிமிர்ந்திருக்கக் கூடாது என்று எழுதுகிறாள். வாரா வாரம் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். என் ஏழு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே?

நானும் குனிந்து எதையோ எழுதினேன்.

டீச்சர் திருத்தினார். எனக்குப் பத்துக்கு இரண்டு. சுமதிக்கு ஒன்று. அவள் என் சிலேட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓணத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. நான் பஞ்சை எடுத்தபோது மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாளா இவளுக்கு நான் கேட்டெழுத்துப் போடவே இல்லீங்க சார்."

உடனே மறுபடி போட்டார். அதே இடத்தில், சுமதிக்கு எதிரே, நகராமல் நின்று, வேறு பத்து வார்த்தைகள். நானும் பஞ்சை வைத்துக்கொண்டு எழுதினேன். சுமதிக்கு எட்டு. எனக்கு மூன்று. பெற்ற மகள் மேலேயே கொஞ்சம் பொறாமை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

டீச்சர் அந்த எட்டு மார்க் சிலேட்டை அப்படியே ஹெட்மாஸ்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்து, நான் முகம் பார்த்துச் சொன்னால் இவள் எழுதுகிறாள் என்றார். ஹெட்மாஸ்டர் சிலேட்டையும் சுமதியையும் மாறி மாறிப் பார்த்தார். பாலக்காட்டு சர்ட்டிபிகேட் வருகிறபோது வரட்டும், இனி எல்லாப் பரீட்சையும் குட்டியின் எதிரில் நின்றே போடுங்கள், கொல்லப் பரீட்சை வரை, அதாவது வருஷக் கடைசிப் பரீட்சை வரை, மற்றப் பேச்சு வேண்டாம் என்றார். ஹாஸ்டல் காகிதத்தைக் கிழிக்கவில்லை. டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். இப்போதைக்குப் போதும்.

ராசாத்தி விஷயம்? டீச்சர் இனிமேல் முதலில் எழுதிவிட்டு, பிறகு திரும்பி நின்று உரக்க வாசிக்கப் போகிறார். அவளும் கேட்டுக்கொள்வாள், இவளும் பார்த்துக்கொள்வாள். இவ்வளவுதான். இதற்கு நான் சித்தூர்வரை போயிருந்தேன்.

சனிக்கிழமை காலை சுமதியை எதிரே உட்கார வைத்து, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். பழனியம்மாவோடு அப்படிப் பேசுகிறாயே, என்னோடு மட்டும் ஏன் 'ஆங்? ஆங்?' என்கிறாய்?

மூன்றாம் தரம் கேட்டபோது புரிந்துகொண்டாள்.

"அவங்க வெத்தல போடுவாங்கப்பா. வாய் செவசெவன்னு நல்லாத் தெரியும்." கையை நீட்டி என் மூக்குக்குக் கீழே தொட்டாள். "உங்களுக்கு வாயே தெரியறதில்ல."

இருபது வருஷத்து மீசை. உதட்டைத் தாண்டித் தொங்கும். இந்தப் பத்தியின் தலையில் அச்சாகிற படத்தில் என்னைவிட அதுதான் பெரிதாக இருக்கும். ஊரெல்லாம் போய், என் மகளிடம் முகம் காட்டிப் பேசுங்கள் என்று மனுக் கொடுத்தவன் நான். அவளுக்கு அது தெரிந்தும் நாலு வருஷமாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மீசை பிடிக்கும் என்று விட்டுவிட்டாளாம்.

அரை மணியில் சலூனுக்குப் போய்த் திரும்பினேன். மனைவி யாரோ வந்திருக்கிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சுமதி கிட்ட வந்து உட்கார்ந்தாள். நான் பேசினேன். ஒரு தரம்தான் சொன்னேன். பதில் சொன்னாள். இன்னொன்று சொன்னேன். அதற்கும் சொன்னாள். இப்படியே மத்தியானச் சாப்பாடு வரை போயிற்று.

எழுந்து போகும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பரவால்லப்பா. பழனியம்மா அளவுக்கு இல்ல."

மூன்று நாளாக வெற்றிலை போடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.