சூடத் தட்டை நோக்கி நீண்ட கை

அம்மனை நம்புகிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பல மாதம் நான் அவளோடு சண்டையில் இருந்தேன்.

மகள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது எனக்கு லேசான காய்ச்சல் வந்தது. முகத்திலும் கழுத்திலும் சிவப்புப் பொரி. "ஆத்தா வந்திருக்கா" என்றார் மாமியார். கடல் கடந்த ஜார்ஜ் டவுனில் அடுக்குமாடி வீடுதான் என்றாலும் வழக்கம் விடுமா? வாசலில் வேப்பிலை கட்டினோம். வீட்டில் தாளிக்கவில்லை. டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. பொரி மறைந்ததும் மஞ்சள் நீர் ஊற்றிக் குளித்தேன். அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்று பூரித்துப் போனேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் தர்ஷினி பிறந்தாள். அவள் கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. "பூனைக்கண்ணு லா, அழகு!" என்று வந்தவர்கள் கொஞ்சினார்கள். நானும் திருஷ்டிக்குப் பெரிய மைப்பொட்டு வைத்தேன். ஆனால் பால் குடிக்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் சொன்னதை நர்ஸ் அக்கா ஒருவர் தமிழில் சொன்னார். "தங்கச்சி, உங்களுக்கு அப்ப வந்தது ருபெல்லா. அந்தக் கிருமி வயித்துக்குள்ளயே பாப்பா கண்ணத் தாக்கிருச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை."

அம்மை என்று சும்மா இருந்துவிட்டோமே என்று அழுதேன்.

"அன்னிக்கே ஓடி வந்திருந்தாலும் அத நிறுத்த மருந்து இல்லியாம் லா. மனசப் போட்டு ஒடச்சிக்காதீங்க."

எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன் நின்று கத்தினேன். "நீ வந்திருக்கேன்னுதானே வேப்பிலை கட்டுனேன்? எம்புள்ள கண்ண எடுத்துட்டா போன?" அன்றிலிருந்து விளக்கேற்றவில்லை.

அறுவை சிகிச்சையில் புரையை எடுத்து, தடித்த கண்ணாடி போட்டார்கள். இனிமேல்தான் பார்க்கப் பழகுவாள், நாளாகும் என்றார்கள். நானோ காத்திருக்கத் தெரியாதவள். சாவி குலுங்கினால் திரும்புவாள். சிவப்புத் துணியை ஆட்டினால் திரும்பமாட்டாள். பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து ஆட்டுவேன். தூங்கும் பிள்ளையை எழுப்பிக்கூட ஆட்டினேன். புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் என் கணவர், "விடு லா, பாவம்" என்று துணியைப் பிடுங்கி வைப்பார்.

ஆடி வெள்ளியன்று அவர்தான் கோயிலுக்கு இழுத்துப் போனார். "கும்பிட வேணாம். சும்மா வந்து நில்லு." நின்றேன். கை கூப்பவில்லை. ஆனால் வாய் தானாக முணுமுணுத்தது. "தாயே, எதையாவது பாத்து இவ கை நீட்டணும். ஒரே ஒரு தடவ."

பூசாரி சூடத் தட்டோடு வந்தார். தர்ஷினி தலையைத் திருப்பினாள். தட்டு இடப்பக்கம் போனது. அவள் முகமும் கூடவே போனது. தட்டு எங்களிடம் வந்ததும் தீயைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டாள்!

"கையப் புடிங்கம்மா, சுட்டுரும்!" என்று பூசாரி கத்தினார். நான் எங்கே பிடித்தேன்? அழுகையும் சிரிப்புமாக நின்றேன். கணவர்தான் பிடித்தார்.

முழுப் பார்வை வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கண்ணாடியும் சிகிச்சையும் தொடர்கின்றன. ஆனால் நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள். பிள்ளை வேண்டுமென்று நினைக்கும் பெண்களே, கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் ருபெல்லா ஊசி பற்றிக் கேளுங்கள். தாயையும் நம்புங்கள். கோபம் வந்தால் சண்டை போடுங்கள், அவள் தாங்குவாள்.

எங்கள் வீட்டில் மறுபடி விளக்கு எரிகிறது. உயரத்தில்தான் வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் தர்ஷினி பிடிக்க வந்துவிடுகிறாள்.