ஓடைக்கு எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரு மனிதரை, அவருடைய பதினோரு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ‘நீங்கள் என்ன ஜாதி?’ என்று கேட்டேன்.

அந்த வார்த்தையைச் சொல்லாமல் கேட்டேன். படித்தவன் இல்லையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். நாங்கள் குடியேறியிருக்கும் பிரிட்ஜ்வாட்டரில், தமிழர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் ஃபிலிம் கிளப், நூலகத்து ஹாலில் மாதம் ஒரு படம் போடும். தேர்வு செய்வது நான், முடிந்ததும் பேசுவதும் நான். அன்று ஒரு பழைய கியூபப் படம். புரட்சி முடிந்து, முதலாளி குடும்பம் நாட்டைவிட்டே ஓடிவிட்டது. அந்த வீட்டு வேலைக்காரம்மா முதல் தடவையாகச் சாப்பாட்டு மேஜை முன்னால் நாற்காலியில் உட்காருகிறாள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆட்சி ஒரே நாளில் மாறிவிடும், அந்தக் கைகள் மாற வருடக்கணக்கில் ஆகும், சினிமாதான் இதைக் காட்ட முடியும் என்று எழுதியிருந்தேன். நிறையப் பேர் மெயில் அனுப்பிப் பாராட்டினீர்கள்.

படம் முடிந்தபின் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

அன்று அந்தக் கைகளைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது செல்வராஜ் எழுந்தார். நாற்பது வயதுக்காரர், ஐ.டி. வேலை. இரண்டு வருடமாக மனைவியோடும் மகள் யாழினியோடும் தவறாமல் வருபவர். கடைசி நாற்காலியை மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

“அங்கிள், அடுத்த மாசம் நம்ம தமிழ்ப் படம் ஒண்ணு போடலாமா? எங்க ஊர்ப் பக்கம் நடக்கிற கதை. அதுலயும் ஒருத்தர் நாற்காலியில உட்கார்றதுதான் பிரச்சினையே.”

படத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு அது தெரியும்.

“அது ஜாதிப் படமாச்சே. இங்க எல்லாரும் ஃபேமிலியா வர்றாங்க. பாலிடிக்ஸ் எதுக்கு?”

“கியூபாவும் பாலிடிக்ஸ்தானே அங்கிள்?”

ஹாலில் லேசான சிரிப்பு. நியாயமான சிரிப்புதான். எனக்குச் சுருக்கென்றது.

“ஆமா... உங்களுக்கு எந்த ஊரு?” என்றேன், புன்னகையோடு.

அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர்!

“அட, அந்த ஊரா. ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

வழி விசாரிக்கிற குரலில்தான் கேட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் காலனி. எந்த ஊர் ஓடை என்று தெரியாதவர்களுக்கும் கேள்வி புரிந்துவிட்டது. சிலர் சமோசாத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“அந்தப் பக்கம், சார்.”

அதுவரை அங்கிள். அந்த நிமிடத்திலிருந்து சார்.

காரில் ஏறியதும் என் மனைவி கேட்டாள்: “ஏன் அப்படிக் கேட்டீங்க?”

“ஊர் எதுன்னுதானே கேட்டேன்.”

“நானும் அதே ஜில்லாதான். நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?”



நாங்கள் வளர்ந்த காலத்துப் படங்கள் நினைவுக்கு வருகின்றன. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆள், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபிரேமின் ஓரத்தில் நிற்பார். ரொம்ப நல்லவர். ஹீரோவுக்காக உயிரை விடுவார். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்டர்வெல்லில் முறுக்கு வாங்கப் போவோம்.

இப்போது கேமராவே ஓடையைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு, நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. ஊரில் ஏதோ நிஜமாகவே நகர்ந்திருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கியூபாவில் ஒரு கிழவியின் கையைப் பார்த்துச் சரித்திரத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு, இது மட்டும் ‘ஜாதிப் படம்’! சப்டைட்டிலோடு வருகிற புரட்சியில் ஒரு சௌகரியம் உண்டு... அதில் வரும் முதலாளி நம் சித்தப்பா சாயலில் இருக்கமாட்டார்.

அடுத்த சனிக்கிழமை செல்வராஜ் வீட்டுக்குப் போனேன். “உள்ள வாங்க சார்” என்றார். அவர் மனைவி காபி கொடுத்தார். குடித்தேன். குடித்துவிட்டேன் என்று மனதுக்குள் எனக்கே ஒரு மார்க் போட்டுக்கொண்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

“அன்னிக்குக் கார்ல ஏறினதும் பொண்ணு கேட்டா சார். ‘அந்தப் பக்கம்னா என்னப்பா, அதுதான் நல்ல பக்கமா?’ன்னு. இத்தனை வருஷமா அவகிட்ட எதுவும் சொன்னதில்ல. ஒரு நாள் நானே சொல்லணும்னு வெச்சிருந்தேன். எங்க அம்மா என்ன பாடுபட்டாங்க, நான் எப்படிப் படிச்சேன்... எல்லாத்தையும் என் வார்த்தையில சொல்லணும்னு. நீங்க முந்திக்கிட்டீங்க.”

“மன்னிச்சிடுங்க செல்வராஜ்.”

“அதை இங்க சொல்லாதீங்க சார். கேட்டது எல்லார் முன்னாடியும்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அவர் கேட்ட படத்தையே இந்த மாதம் போடுவதாக வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்தேன். முதலில் போன் பண்ணியவர் ஒரு ரிட்டயர்ட் டாக்டர், என் பழைய நண்பர்.

“என்ன சார், நீங்களே இப்படி? இந்த நாட்டுக்கு வந்து எல்லாத்தையும் மறந்து நிம்மதியா இருக்கோம்.”

“யார் மறந்தா டாக்டர்? நான் ஒரே கேள்வியில கண்டுபிடிச்சேனே.”

அவர் வரவில்லை. வழக்கமாக வருபவர்களில் பாதிப் பேர் வரவில்லை. குழந்தைக்கு டான்ஸ் கிளாஸ், ஊரிலிருந்து விருந்தாளி, கோவிலில் அபிஷேகம். செல்வராஜும் யாழினியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் மனைவி வரவில்லை.

படத்துக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். போன மாதம் நான் கேட்ட கேள்வி ஊரைப் பற்றியது இல்லை. செல்வராஜ் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ளவும், அவரை உட்காரவைக்கவும் கேட்டது. அவரிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. மேடைப் பேச்சில் நாற்பது வருடப் பழக்கம் எனக்கு. ஆனாலும் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லும்போது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யாரும் கைதட்டவில்லை.

படம் முடிந்தது. நான் பேசவில்லை. யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டேன். அப்புறம் கடைசி வரிசையில் யாழினி கையைத் தூக்கினாள்.

“அங்கிள், அப்பா ஊருக்கு நீங்க போயிருக்கீங்களா?”

“போயிருக்கேம்மா. எங்க அக்கா வீடு அங்கதான். லீவுக்கு, கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு... நிறையத் தடவை.”

“அந்த ஓடை ரொம்ப டீப்பா?”

“இல்லம்மா. வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணியே இருக்காது. வெறும் மணல்தான்.”

“தென், டிட் யூ எவர் க்ராஸ் இட்?”

ஏழு கடல் தாண்டி வந்தவன் நான். ஐம்பது வருடம் உலக சினிமா பார்த்தவன்.

“இல்லம்மா. ஒரு தடவைகூட இல்லை.”

அவள் என்னைத் திட்டுவாள் என்றோ, பரவாயில்லை என்பாள் என்றோ ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “ஓகே” என்றாள். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, “வீ ஆர் கோயிங் திஸ் சம்மர், ரைட்?” என்றாள். செல்வராஜ் தலையாட்டினார்.

எல்லோரும் போனபின் அவர் வழக்கம்போல் நாற்காலிகளை மடிக்கக் குனிந்தார். நான் அவசரமாகப் போய்த் தடுத்து, நானே மடித்தேன். எனக்கு அந்த வேலை சரியாக வரவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவில்லை.

இதையெல்லாம் பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க. பேரை மட்டும் மாத்திடுங்க” என்றார். மாற்றியிருக்கிறேன்.

வாசல் வரை போனேன். யாழினி “பை அங்கிள்” என்றாள். இங்கே பிறந்த குழந்தைகள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகின்றன. அதில் எனக்கென்று தனிச் சலுகை ஒன்றும் கிடையாது.

செல்வராஜ் கார் கதவைத் திறந்தபடி, “வர்றோம், சார்” என்றார்.